ஐந்தரைக்குப் படகு போகிறது

எங்கள் எஸ்தோனிய வினைச்சொல்லில்
வருங்காலத்துக்கு விகுதி கிடையாது.
நாளை படகு போகிறது என்போம்.
அவ்வளவு நம்பிக்கை.

ஹீயுமா தீவு, ஜனவரி, இரவு மூன்றரை.
பயணச்சீட்டுக் கொட்டகையின் ஹீட்டர்
என் இடது முழங்காலை மட்டும் சுடுகிறது.
வெளியே தடுப்புக் கம்பத்தின் முன்னால்
ஹெல்டூரின் பால் லாரி உறுமிக்கொண்டிருக்கிறது.
கம்பம் எழவில்லை.
மறுகரை சர்வருக்கு வழி மறந்துவிட்டது அதற்கு.

வழி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.
பழைய கட்டளைக்கு 'ஜிடபிள்யூ' என்றால் புரியும்,
புதியதற்கு 'வயா' என்றால்தான் காது கேட்கும்.
ஒன்று, இருநூற்றைம்பத்தைந்து, இருநூற்றைம்பத்தைந்து,
மறுபடி இருநூற்றைம்பத்தைந்து என
மீன் ஏலம்போல முழுசாய்க் கேட்கிறது.
மற்றதற்கு ஒரு சாய்கோடும் இருபத்துநாலும் போதும்.

பிங்கில் சின்ன ஐ என்றால் இடைவெளி.
எந்தக் கம்பி வழியே என்று சொல்லப் பெரிய ஐ.
டிரேஸ்ரூட்டில் சின்ன ஐதான் கம்பி.
அங்கே பெரிய ஐ வேறு சங்கதி,
இந்த நேரத்தில் அதை நினைக்க மாட்டேன்.

கம்பத்தடிப் பெட்டியில் இருக்கிறது கணினி.
அதற்குள் நுழைய எஸ்எஸ்எச்,
கதவு எண்ணுக்குச் சின்ன பி.
அதே கதவு, அதே சாவி,
கோப்பு அனுப்பும் எஸ்சிபிக்கு மட்டும் பெரிய பி.
விரல் பழக்கத்தில் சின்ன பி அடித்தது.
'2222, அப்படியொரு கோப்பு இல்லை' என்றது.
கதவைச் சொன்னேன், கோப்பைத் தேடியிருக்கிறது.
கோபம் வரவில்லை.
சிரிப்பு வந்தது,
அது இன்னும் மோசம்.

பதினான்கு வேற்றுமை எங்களுக்கு.
ஏரிக்குள், ஏரியில், ஏரியிலிருந்து,
ஒவ்வொன்றுக்கும் ஓர் உருபு.
அதே உருபுதான் வீட்டுக்கும், சட்டைப்பைக்கும்,
ஏன், கவலைக்கும்.
கெர்சோனிலிருந்து வந்து படகில் சூப் விற்கும் லெசியா
இரண்டே குளிர்காலத்தில் பிடித்துக்கொண்டாள்.
எனக்கு இந்தக் கறுப்புத் திரையில் பதினெட்டாம் ஆண்டு,
கையேட்டில் விரல் வைத்துத்தான் இன்னும் வாசிக்கிறேன்.

தெரியும்.
எவரோ எப்போதோ தன் அவசரத்துக்கு எழுதியது.
அவர் வருமுன்பே சின்ன பியில்
வேறொருவர் குடியேறியிருந்தார்,
காலியாய் இருந்த எழுத்தில் இவர் சட்டி பானையை இறக்கினார்.
தெரிந்து என்ன?
விரலுக்கு வரலாறு தெரியாதே.

நாலு ஐம்பதுக்கு ஹெல்டூர் கண்ணாடியைத் தட்டினார்.
"படகு?"
"ஐந்தரைக்குப் போகிறது."
அதற்குமேல் அவர் கேட்கவில்லை.
பெட்டியின் பக்கவாட்டில் கைப்பிடியைச் செருகி
இடப்புறமாகச் சுற்றினார்.
கம்பம் பனியை உதறிக்கொண்டு மெல்ல எழுந்தது.
"அக்கரையில் வலப்புறம் சுற்ற வேண்டும்" என்றார்,
குளிரைப் பற்றிச் சொல்வதுபோல.
"எத்தனை வருஷமாக?"
"கம்பம் வைத்ததிலிருந்து."

லாரி நகர்ந்தது.
நான் உள்ளே வந்து, கையுறையைப் பல்லால் உருவி,
ஷிஃப்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு
பி அடித்தேன்.