ஒற்றைக் கை கவுன்

சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு
ஊசியைத் துணியிலேயே நிறுத்திவிட்டு எழுந்தேன்.
இளஞ்சிவப்பு கவுன். ஒரு கை தைத்தாயிற்று.
மறு கை குண்டூசியில் தொங்குகிறது.
மெஷின்மேல் பழைய போர்வையைப் போட்டு
ஷட்டரை இழுத்தேன்.

டிசம்பர். பெரம்பூர்.
பதினேழு கவுன், இருபத்தாறு ரவிக்கை,
கொயர் பிள்ளைகளுக்கு வெள்ளை அங்கி ஒன்பது.
கேட்பவர்கள் எல்லாம் நம் சபையார்தான்.
"ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருப்பே சுகிர்தா,
ஆராதனை முடிஞ்சதும் வந்து வாங்கிக்கவா?"

சும்மா இருப்பது அத்தனை லேசா?
முதல் மூன்று ஞாயிறும் மத்தியானத் தூக்கத்தில்
என் கால் பெடலை மிதித்ததாம்.
கட்டில் அதிர்ந்ததாம், அவர் சொன்னார்.
கோயிலில் முழங்காலிட்டால்
முன் பெஞ்சு பியூலா டீச்சர் முதுகில்
ஹூக் பட்டி கால் இஞ்ச் விலகி நிற்கிறது.
நான் தைத்ததில்லை. ஆனாலும்
பாவ அறிக்கை முடியும்வரை
கர்த்தருக்கும் எனக்கும் நடுவில் அதுதான் நின்றது.

ஞாயிறு லோகோ சங்கு ஊதாது.
பத்தொன்பது வருஷமாய் இந்தத் தெருவில் இருக்கிறேன்,
ஊதாததை இப்போதுதான் கேட்கிறேன்.

ஒரு ஞாயிறுக்கு எண்ணூறு ரூபாய் போகிறது.
"தவணையைக் கடவுளா வந்து கட்டுவாரு?"
குழுவில் கேட்கிறார்கள்.
தெரியாது. எப்படியோ கட்டியாகிறது.
காஜா எடுக்கும் நசீமாவுக்குக் கூலி பிடிப்பதில்லை.
மாடு கிடையாது என்னிடம்,
மோட்டார் பொருத்திய இந்த மெஷின்தான்.
மதியம் போர்வைக்குள் கைவிட்டுத் தொட்டேன்.
குளிர்ந்திருந்தது,
காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றி மாதிரி.

வீட்டுக்குள் கதை வேறு.
மெஷின் நின்றது, மிக்சி நிற்கவில்லை.
கறிக்குழம்பு, ரசம், அப்பளம்,
கோயிலிலிருந்து நேரே வரும் அவர் தங்கை குடும்பம்,
கழுவ ஏழு தட்டு.
கற்பனை பத்தையும் மனப்பாடமாய் ஒப்பிக்கிறவரிடம்
ஒருநாள் கேட்டேன்:
மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகம்,
வாசலுக்குள் வந்த அந்நியன்,
எல்லாருக்கும் ஓய்வுநாள் எழுதியிருக்கே,
பெண்டாட்டி எந்த வரியில் இருக்கா?

இஞ்சினையே கழற்றி மாட்டுகிற மனுஷன்
வெகுநேரம் வாய் திறக்கவில்லை.
அடுத்த வாரம் கத்தரிக்காய் கருகியது.
அதற்கடுத்த வாரம் குழம்பில் உப்பில்லை.
தங்கை வீட்டார் இப்போதெல்லாம்
சாப்பிட்டுவிட்டே வருகிறார்கள்.

இன்று ஆறரைக்கு யாரோ ஷட்டரைத் தட்டினார்கள்.
மாடி வீட்டு தேவகி. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை.
யூனிஃபார்ம் பேன்ட் தையல் விட்டுப்போச்சு,
எட்டு மணிக்கு நைட் டூட்டி.
மெஷினைத் திறக்கவில்லை.
படியில் உட்கார்ந்து கையாலேயே தைத்தேன்.
காசு வாங்கவில்லை.
குழியில் விழுந்த ஆடுதானே என்றது ஒரு மனசு.
ஏமாத்தாதே என்றது இன்னொன்று.
நூலைப் பல்லால் கடித்தபோது
இரண்டும் வாயை மூடிக்கொண்டன.

ஆறு நாளில் எல்லாம் செய்து முடித்து,
நல்லதென்று கண்டு,
பிறகுதான் ஓய்ந்தாராம் அவர்.
எனக்கோ முடிந்த சனிக்கிழமை என்று ஒன்றுகூட இல்லை.
முடித்தபின்தான் ஓய்வென்றால்
கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில்தான்
நான் கால் நீட்ட வேண்டும்.
அங்கேயும் யாராவது
ஒரே ஒரு ஹூக் என்று வந்து நிற்பார்கள்.

தொங்கட்டும் அந்தக் கவுன்
ஒற்றைக் கையோடு, நாளை காலை வரை.

அடுப்படியில் அவர் அரிசி களைகிறார்.
தண்ணீர் கொஞ்சம் அதிகம்.
குழையும்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.