மூன்றரை மீட்டர்

சின்னப்பாலத்தில் அன்று விடிகாலை வத்தம்.
பாசி எடுக்கப் போகும் பெண்களோடு
வல்லத்தின் அணியத்தில் குந்தியிருந்தேன்.
மடியில் இரண்டு லென்ஸ்.

புதியதற்குத் தவணை இன்னும் ஏழு பாக்கி.
அது முகம் தேடும், முகத்தில் கண் தேடும்,
கண்ணைச் சுற்றிப் பச்சைக் கட்டம் போட்டு
கிக் என்று சொல்லும்.
கல்யாண மண்டபத்தில் என்னைக் கைவிட்டதே இல்லை.
தாலி ஏறும் அந்த நொடியில்
மாப்பிள்ளையின் தம்பி குறுக்கே வந்தாலும்
பெண்ணின் இமைமயிரை எண்ணித் தரும்.

நம்புத்தாய் நீரில் இறங்கினாள்.
சேலைக்கு மேல் ஆண்பிள்ளைப் பனியன்,
விரல்களில் சுற்றிய துணிக்கிழிசல்,
பாதி முகத்தை விழுங்கிய நீர்க்கண்ணாடி.
பனியனின் முதுகில்
எந்தத் தேர்தலிலோ தோற்ற ஒருவர்
கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.
பச்சைக் கட்டம் நேரே அவரிடம் போயிற்று.
இடது கண். கிக்.
வலது கண். கிக்.
அவர் மூழ்கினார்,
வாக்குக் கேட்டபடியே மேலே வந்தார்.
நாற்பது படம்.
ஒரு முழம் முன்னே தலைதூக்கிய நம்புத்தாய்
நாற்பதிலும் ஆவி.

பழையதை எடுத்தேன்.
கீழக்கரையில் கடிகாரம் பழுதுபார்க்கும் அபூதாகிர்
ஆயிரத்து எண்ணூறுக்குத் தந்தது.
உள்ளே ஓரமாய்ப் பவளக் கிளைபோல் பூஞ்சை.
வளையம் வெல்லப்பாகில் நகர்வதுபோல் நகரும்.
அதன் மேல் அடியும் மீட்டரும் பொறித்திருக்கும்.
எண்கள் முடிகிற இடத்தில்
ஒரு எட்டு படுத்துக் கிடக்கும்.

எனக்குப் பிடிபடவில்லை.
மூக்குக்கண்ணாடியில் உப்பு.
நாற்பத்து நான்கு வயது.
கொண்டல் வேறு வல்லத்தை ஆட்டுகிறது.
பிடித்துவிட்டேன் என்று நினைக்கும்போது
அவள் நகர்ந்திருப்பாள்,
இல்லை நான்,
இல்லை கடல்.

பிறகு துரத்துவதை விட்டேன்.
வளையத்தை மூன்றரை மீட்டரில் நிறுத்திக்
கையை எடுத்துவிட்டேன்.
தெளிவு இனி அங்கே நிற்கும்,
தண்ணீருக்கு மேலே, ஆளில்லாத ஓரிடத்தில்.
வருகிறவர் வரட்டும்.
ஒரு அலை வந்து, தெளிந்து, போயிற்று.
ஒற்றை ரப்பர் செருப்பு வந்து தெளிந்து போயிற்று.
கை நிறையக் கட்டக்கோரையோடு
மூச்சுக்கு மேலே வந்தாள் நம்புத்தாய்,
யாரோ அளந்து அனுப்பியதுபோல.
அழுத்தினேன்.

உடனே கர்வப்பட்டேன்.
அதற்குள் ஆலா ஒன்று அம்பாக விழுந்தது.
நான் வளையத்தைத் திருகி முடிப்பதற்குள்
மீனைக் கவ்விக் குருசடைத் தீவுக்கே போய்விட்டது.
புதியது அதை விட்டிருக்காது.
இதையும் சொல்லத்தான் வேண்டும்.

பத்து மணிக்கு வல்லத்தில் ஏறி
ஈரக்கையை நீட்டினாள்:
"அத இங்கிட்டுக் குடு."
ஒரு கண்ணை மூடிக்கொண்டு வளையத்தைத் திருப்பினாள்.
தோழிகளைக் கடந்து,
நங்கூரம் போட்ட படகுகளைக் கடந்து,
இன்னும், இன்னும்.
"பார் எங்க கெடக்குன்னு பாக்குறேன்."
அவளுடைய பார் நீருக்குள் கிடக்கும் பாறை.
என்னுடையது வெறும் ஏவல்.
"அந்தா, வெள்ளையா ஒடையுதுல்ல.
அதுக்கு இங்கன வரைக்கும்தான் நாங்க.
தாண்டுனா வலையப் புடுங்கிட்டு
அபராதம் போடுவாக.
தண்ணியில கோடு எவன் போட்டான்?"

திருப்பித் தந்தபோது
லென்ஸில் அவள் கட்டைவிரல் பதிந்திருந்தது.
வளையம் அவள் விட்ட இடத்திலேயே நின்றது,
பத்துக்கும் படுத்த எட்டுக்கும் நடுவே,
எண் எதுவும் பொறிக்காத இடத்தில்.

மூன்றரை மீட்டர் படத்தை இரவில் பெரிதாக்கினேன்.
கூர்மை அவள் கண்ணில் இல்லை.
கண்ணாடியில் தொங்கிய ஒரு துளியில் இருந்தது.
துளிக்குள் தலைகீழாக ஒரு வல்லம்,
அணியத்தில் குந்தியிருக்கும் யாரோ.

பாசிக் கம்பெனியின் ஆண்டறிக்கைக்கு
அது வேண்டாம் என்றார்கள்.
அந்த நாற்பதில் ஒன்று பிடித்திருந்தது.
முதுகில் சிரிப்பவரை மட்டும்
அழித்துத் தரச் சொன்னார்கள்.