மூன்றாவது விசில்

சிம்மக்கல்லில் பம்புசெட் கடைக்கு மேலே
எங்கள் ஒன்றரை அறை.
அரை அறையில் ஒலிப்பதிவு:
சுவரெல்லாம் முட்டை அட்டை,
ஃபேனை நிறுத்தினால்தான் மைக்குக்குக் காது கேட்கும்.

பார்வையில்லாத பிள்ளைகளுக்குப்
பாடப்புத்தகம் வாசித்து ஏற்றி வைக்கிற வேலை.
ஆறு வருஷத்தில்
ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பாடம்.
போனில் தொட்டால் பேசும்.
செவ்வாய்க்கிழமை ராத்திரி இரண்டு பத்துக்குப்
பேசவில்லை.

எங்கோ ஓர் ஊரில், நாங்கள் பார்த்தேயிராத கட்டிடத்தில்,
வருஷ வாடகை கட்டி எடுத்த இடத்தில்
வட்டு எரிந்துவிட்டதாம்.
வருந்துகிறோம் என்று ஆரம்பித்தது மெயில்.
அடுத்த வரியில்
புதுப்பிப்புக் கட்டணத்தை நினைவூட்டியிருந்தார்கள்.

பேக்கப்? என்றேன் சாந்தாராமிடம்.
அதே வட்டில், என்றான்
தலையைத் தூக்காமல்.
திருட்டுக்குப் பயந்து இரண்டு சாவி செய்து
இரண்டையும் பூட்டிலேயே தொங்கவிட்டிருக்கிறோம்.

விடியும்வரை அந்தக் கம்பெனி எண்ணுக்கு அடித்தோம்.
ஒன்றை அழுத்தவும். இரண்டை அழுத்தவும்.
பதிந்து வைத்த ஒரு பெண் குரல்,
என்னைவிடச் சுத்தமான ழகரம்.
கீழே ஷட்டர் தூக்குகிற நேரம்
ஜெசிந்தாதான் சொன்னாள்:
கேட்டவங்ககிட்ட இருக்குமே.

பழைய லேப்டாப்பில் முன்னூற்றுப் பன்னிரண்டு கிடைத்தது.
மிச்சத்துக்குக் குரல் செய்தி அனுப்பினோம்.
உங்கள் போனில் எங்கள் பாடம் இருந்தால்
கொஞ்சம் திருப்பி அனுப்புங்கள்.
சீர் கொடுத்த பாத்திரத்தைத்
திரும்பக் கேட்பதுபோல் கூச்சமாக இருந்தது.

மேலூரிலிருந்து முதலில். பிறகு வாடிப்பட்டி.
செக்கானூரணியிலிருந்து ஒரே நாளில் எழுபது.
உசிலம்பட்டி பஸ் கண்டக்டரிடம் யாரோ கொடுத்துவிட்ட
மெமரி கார்டை
ஆரப்பாளையத்தில் வெயிலில் நின்று வாங்கினேன்.
தைல டப்பாவுக்குள் இருந்தது.
இரண்டு நாள் கம்ப்யூட்டர் மேஜைக்குத்
தலைவலி வந்த வாசனை.

போனபடியே வந்தது எதுவுமில்லை.
எங்கள் வரிசை எண்ணைத் தூக்கிவிட்டு
அவரவர் பெயர் வைத்திருந்தார்கள்.
'பரீட்சைக்கு வராது.'
'இருமல் அக்கா ஏழு.' அது நான்தான்.
பணவீக்கம் பற்றி நாற்பது நிமிஷம் வாசித்ததற்குத்
'தூக்கம் வராவிட்டால்.'

ஒரே பாடம் ஒன்பது பேரிடமிருந்து,
ஒன்பதும் ஒவ்வொரு இடத்தில் அறுந்து.
முன்பாதி மேலூர், பின்பாதி வாடிப்பட்டி என்று
சாந்தாராம் ஒட்டுப்போட்டான்.
ஒட்டின இடத்தில் யார் வீட்டுச் சேவலோ கூவுகிறது.
வரலாறு பதினாலாம் பாடம்
ஒன்றரை மடங்கு வேகத்தில் மட்டுமே மிஞ்சியது.
கடைசி பஸ்ஸைத் துரத்திக்கொண்டே
பிரெஞ்சுப் புரட்சி சொல்கிறேன்.

தாவரவியல் ஆறு யாரிடமும் இல்லை.
புதிதாக வாசித்தேன். பிசிறே இல்லை.
மூச்சுச் சத்தத்தைக்கூட வெட்டி எடுத்தான்.
ஏற்றிய சாயங்காலமே
திருமங்கலத்திலிருந்து முத்துப்பேச்சி கூப்பிட்டாள்.
விசில் எங்கக்கா?
என்ன விசில்?
பக்கத்து மாடி குக்கர் விசில்.
மூணாவது வந்தா வேர் முடிஞ்சு இலை ஆரம்பிக்கும்.
அத வச்சுத்தானே நான் இலையைத் தேடுவேன்.

மறுநாள் பதினொன்றரைக்கு
அந்த வீட்டில் அடுப்பேறும் நேரம் பார்த்து
ஜன்னலைத் திறந்து வைத்து மறுபடி வாசித்தேன்.
மூன்றாவது விசில்
வேர் பாதியிலேயே வந்துவிட்டது.
அன்றைக்கு அங்கே என்ன வெந்ததோ.

இப்போது வேறு கம்பெனி.
நகல் ஒன்று இன்னொரு ஊரில்,
ஒன்று சாந்தாராம் வீட்டு பீரோவில்
ரேஷன் கார்டுக்கும் பட்டுச்சேலைக்கும் நடுவில்.

நாற்பத்தொரு பாடம் இன்னும் வரவில்லை.
பட்டியலிலிருந்து பெயரை எடுக்க மனசில்லை.
தொட்டால் என் குரலே சொல்லும்:
இந்தப் பாடம் இப்போது இங்கே இல்லை,
உங்களிடம் இருந்தால்
என்பதற்குள் ஓர் இருமல்.

கத்தரியை எடுத்தவனிடம்
அது இருக்கட்டும் என்றேன்.