பதினொன்று பத்து

இரண்டு மணிக்கு மண்டபத்தில் கரண்ட் போகும்.
அதற்குள் ஓட்ட வேண்டியவை
ஓரா மீன் ஈரல் ஆறு, காரல் நான்கு,
பட்டியலில் இல்லாத ஒரு குப்பி.

குப்பியில் ரீகன் டாக்டரின் கோணல் எழுத்து:
சகுபர், பெரியபட்டினம், வயது 31.
மீன் பெட்டி ஐஸுக்குள் வந்திருக்கிறது
ஒரு மனிதனின் சிறுநீர்.
இது மீனுக்கு வாங்கிய மிஷின்.
மேடம் இன்று லீவு.

சங்கு எடுக்கிறவன்.
ஆறு பாகம் இறங்கி ஏறினால்
நெற்றிக்குள் ஆணி இறங்கும்.
வள்ளத்திலேயே ரெண்டு மாத்திரை,
கரையேறி ரெண்டு,
தூங்க ரெண்டு,
தூக்கம் வராததற்கு இன்னும் ரெண்டு.
காய்ச்சல் மாத்திரைதானே,
பாக்கு மாதிரி மடியில் கட்டியிருப்பானாம்.

ஊசியில் ஏற்றினேன்.
ஒரு சாண் எஃகுக் குழாய், உள்ளே மாவு போல வெண்மணல்.
நாங்கள் அதைக் காலம் என்போம்.
இங்கிலீஷ் காலம்தான்,
ஆனால் அளப்பது நேரத்தை.
தண்ணீரோடு ஒட்டுகிறது முதலில் ஓடிவிடும்.
பசையுள்ளது மணலைப் பற்றிக்கொண்டு
பிந்தி வரும்.

தென்கடல் குமுறும் மாதத்தில்
வடகடல் கிடப்பதுபோல் திரையில் கோடு.
மூன்றாம் நிமிடம் ஒரு மேடு.
ஐந்தில் ஒன்று.
ஏழில் மாத்திரையே, போட்டபடி.
அப்புறம் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை.

மாத்திரையில் ஒரு துளி
ஈரலுக்குள் நஞ்சாகத் திரும்பும்.
குறுக்கே பாய்ந்து அதைப் பிடிப்பது குளூட்டாதயோன்:
மூன்றே அமினோ அமிலம்,
நடுவில் ஒரு கந்தகக் கை.
பிடித்தால் விடாது, திரும்பியும் வராது.
வழியில் ஓர் அமிலம் கழலும்,
பிறகு இன்னொன்று.
வந்து ஒதுங்குவது நஞ்சும்
அதைப் பிடித்த கையும்.

பதினொன்று பத்து.
கோடு எழுந்தது.
எழுந்துகொண்டே போய்
திரையின் கூரையில் முட்டி
தலை தட்டையாகி நின்றது.

இத்தனை கை போயிருக்கிறது, சகுபர்.
மிச்சம் எத்தனை என்று
இந்த மிஷினுக்குத் தெரியாது.

போன் அடித்தேன்.
"மாற்று மருந்து மதுரையிலிருந்து வருது," என்றார் ரீகன்,
"திறந்தா அழுகின முட்டை நாத்தம்."
கந்தகம். நல்லது.
நாறட்டும், சீக்கிரம் நாறட்டும்.

ஒன்று ஐம்பத்தேழு.
'இனம்' கட்டத்தை நிரப்பாமல் சேமிக்க விடாது.
ஓரா, காரல், சூடை, நண்டு
என்று இறங்கிக்கொண்டே போனேன்.
கடைசியில் 'மற்றவை' இருந்தது.
அழுத்தினேன்.
மின்விசிறி நின்றது.