வியாழன் வரை

வியாழன் சாயந்தரம் வரை
இர்யா சரியாகத்தான் இருந்தாள்.
மின்கட்டணத்தில் நாற்பது சென்ட் கூடுதலென்று
போனில் ஒருவனை உலுக்கியெடுத்தாள்.
காகித ஆலையில் முப்பத்தோரு வருஷம்
கணக்குப் பார்த்த கண் அது.

வெள்ளி இரவு இரண்டு மணிக்கு
வாசற்கதவருகே நின்றாள்.
நைட்டிக்கு மேல் என் கோட்டு,
இடதுகால் பூட்ஸ் வலதுகாலில்.
வெளியே ஔலு நகரம்
மைனஸ் இருபத்திரண்டில் கிடந்தது.
"பஸ் போய்விடும், வழிவிடுங்கள் ஐயா."
ஐம்பத்திரண்டு வருஷத்தில்
என்னை அவள் 'நீங்கள்' என்றதில்லை.

திரைச்சீலையில் மீன்கள் போகின்றனவாம்.
சர்க்கரை டப்பாவுக்குள் யாரோ இருமுகிறார்களாம்.
கையைப் பிடித்தேன்.
கடித்துவிட்டாள்.

மருத்துவமனையில் இளம் டாக்டர்
இழவு வீட்டில் பேசுவதுபோல் பேசினார்:
எழுபத்தொன்பது வயது அல்லவா,
இப்படித்தான் தொடங்கும்.
இப்படியா? ஒரே இரவிலா?
கேட்க நாக்கு எழவில்லை.
மறதி நோயாளிகளின் இல்லங்களில்
மனசு அதற்குள்
கட்டில் தேடத் தொடங்கியிருந்தது.

கேட்டவள் ஹிபாக்,
இரவுப் பணிச் செவிலி, சோமாலியாக்காரி.
"முந்தாநாள் எப்படி இருந்தார்?"
நாற்பது சென்ட் கதையைச் சொன்னேன்.
சிரிக்கவில்லை, நிமிர்ந்தாள்.
"மறதி இவ்வளவு அவசரமாக வராது.
கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார்?"

ஒரு கிண்ணம். ஒரு சோதனைப் பட்டை.
ஊதாவாகத் திரும்பியது.
காய்ச்சலில்லை, எரிகிறதென்றும் சொல்லவில்லை.
கீழ்த்தளத்தில் பற்றிய நெருப்புக்கு
மாடியில்தான் புகை.

சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கிய
இரண்டாம் இரவு
ஜன்னலைப் பார்த்துக் கூப்பிட்டாள்:
"வெய்க்கோ, பனி மெலிசு, திரும்பி வா.
வெய்க்கோ."
விடியும்வரை.
அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை.

திங்கள் காலை கண் திறந்து
என் தாடையைப் பார்த்தாள்.
"ஆர்வி, இப்படியேவா
ஊருக்குள் நடந்து வந்தாய்?"
சுவரைப் பிடித்துக்கொண்டேன்.
அப்புறமும் ஒரு வாரம்
தெளிவதும் கலங்குவதுமாக இருந்தாள்.
மீன்கள்தான் கடைசியில் போயின.

நாற்பது சென்ட் திரும்ப வந்துவிட்டது.
காபி ஊற்றும்போது
சும்மா கேட்பதுபோல் கேட்கிறேன்:
இன்று என்ன கிழமை?
"பரீட்சையா?" என்கிறாள்.
தண்ணீர் டம்ளரை
அவள் பக்கம் நகர்த்துகிறேன்.

வெய்க்கோ யாரென்று கேட்கவில்லை.
ஆற்றில் பனி இன்னும் கெட்டியாக இருக்கிறது,
மேலே பிள்ளைகள் சறுக்குகிறார்கள்.
அந்தப் பக்க ஜன்னலுக்கு
அவள் முதுகு காட்டித்தான் உட்காருகிறாள்.
எப்போதுமே அப்படித்தான்
உட்கார்ந்திருக்கிறாள்.