கையில் ஏதேனும் இருந்தால்

புந்தா அரேனாசில் அன்று காற்று மணிக்கு நூற்றுப்பத்து.
காலைக் கப்பல் கிடையாது என்று
மாலை ஆறுக்கே முடிவாகிவிட்டது.
முப்பத்தேழு பயணிகளுக்குக் குறுஞ்செய்தி போகவேண்டும்.
கோப்பில் வரிக்கு ஒரு பெயர், ஓர் எண்.
அரைமணி வேலை என்றேன். யாஸ்னா கோட்டைக் கழற்றவில்லை.

நான் முதலில் எழுதிய சுற்றுக்கு
வரி என்றால் என்னவென்றே தெரியாது.
இடைவெளி கண்ட இடமெல்லாம் வெட்டியது.
மரியா தெல் த்ரான்சித்தோ பர்ரியா
நான்கு பயணிகள் ஆனாள்.
ஐந்தாவதாக அவள் தொலைபேசி எண்ணும்
ஒரு பயணியாக ஏறிக்கொண்டது.
'தெல்' என்பவரின் எண் கிடைக்கவில்லை
என்று திரை புகார் சொன்னது.
"பாவம், தெல்லுக்கு ஜன்னலோர இருக்கை கொடு"
என்றாள் யாஸ்னா.

பிறகு, கிடைக்கும்வரை என்று தொடங்கும் சுற்று.
ஒரு வரி எடு, அனுப்பு, அடுத்ததற்கு வா.
ஒரே ஒரு செய்தி போனது.
முடிந்தது என்று நின்றது.
பிழை இல்லை. எச்சரிக்கை இல்லை.
சாந்தியாகோவிலிருக்கும் இயந்திரத்தோடு பேச
சுற்றுக்குள்ளே நான் கூப்பிட்டேனே ஒருவன்,
அவன் அதே குழாயில் வாய்வைத்து
மீதி முப்பத்தாறு பேரையும்
ஒரே மூச்சில் குடித்துவிட்டிருந்தான்.
பெயர்கள் என்றுகூட அவனுக்குத் தெரியாது.
அவன் வாயை வெறுமையின் பக்கம் திருப்பிவைத்தோம்.

ஓடியது.
வரிகள் மளமளவென்று மேலேறின.
அனுப்பியவை முப்பத்தாறு என்று பதிவில் இருந்தது;
யார் எண்ணினோம்?
விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பினோம்.

காலை ஏழரைக்கு த்ரெஸ் புவெந்தெஸ் துறையிலிருந்து அழைப்பு.
இங்கே ஒருவர் நிற்கிறார்.
ருப்பெர்த்தோ கார்கமோவாம்.
கையில் அட்டைப்பெட்டி,
பெட்டியில் வாத்துக்குஞ்சுகள்.

கோப்பின் அடிக்குப் போனாள் யாஸ்னா.
முப்பத்தேழாவது அவர்தான்.
யாரோ பெயரைத் தட்டி, எண்ணைத் தட்டி,
எண்டரைத் தட்டாமல்
எழுந்து போயிருக்கிறார்கள்.

சுற்று அவரைப் படிக்காமல் விடவில்லை.
படித்தது.
பெயரையும் எண்ணையும் கையில் வாங்கியது.
வாங்கும்போதே
வரி முடியுமுன் கோப்பு முடிந்ததைக் கண்டு
இல்லை என்று தலையாட்டிவிட்டது.
இல்லை என்றால் வெளியேறு:
நான் எழுதிக் கொடுத்த விதி.
எல்லாம் நின்ற பிறகும்
மாறிக்குள் ஓர் எழுத்துக் குறையாமல்
உட்கார்ந்திருந்தார் ருப்பெர்த்தோ கார்கமோ,
அழைக்கப்படாமல்.

திருத்தம் சின்னது.
அடுத்த வரி கிடைத்தால்,
அல்லது
கையில் ஏதேனும் இருந்தால்.

அதைச் சேர்த்துச் சேமித்துவிட்டு
இருவரும் வண்டியில் துறைக்குப் போனோம்.
கதவைத் திறக்கவே காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.
இந்தக் காற்றைப் பார்த்துமா வந்தீர்கள் என்று கேட்டேன்.
"பார்த்தேன். ஆனால் உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லையே.
கப்பல் இருக்கும் என்று நம்பினேன்" என்றார்.

பதில் சொல்ல வாய் வரவில்லை எனக்கு.
யாஸ்னா பெட்டியை வாங்கி ஹீட்டர் பக்கம் வைத்து
குஞ்சுகளை எண்ணினாள்.
பன்னிரண்டு.
மறுபடி எண்ணினாள்,
இம்முறை கடைசியிலிருந்து.