கடைசிப் பக்கத்திலிருந்து

தலைநகரிலிருந்து வந்த தாளில்
ஐந்து மருந்துகளின் பெயர் இருந்தது.
எது வேண்டுமென்று எழுதியனுப்பச் சொன்னார்கள்.

ஒன்று ரத்தத்தை வெளுக்க வைக்கும்,
வெளுக்கிறதா என்று கருவி வைத்துப் பார்க்கவேண்டும்.
கருவி இருக்கிறது.
மார்ச்சிலிருந்து அதன்மேல்
முட்டைக் கூடையை வைத்திருக்கிறோம்.

குளிர்பெட்டி கேட்கும் மருந்தை
ஆறு மாதம் செமொன்கோங் மலையே காத்துத் தரும்.
மற்ற ஆறு மாதம்?

வேறொன்று,
காசநோய் மாத்திரையோடு ஒத்துப்போகாது.
இங்கே இருமாதவர் யார்?

நல்லது ஒன்று இருந்தது.
ஒரே மாத்திரை, ஒரே வேளை.
அதில் ஒருவருக்கு ஆகும் காசில்
மலிவானதில் மூன்று பேர்.

மூன்று பேர் என்றதும் நான் யோசிக்கவில்லை.
மலிவானதற்கு நேரே குறியிட்டேன்.
பேனா மக்கர் பண்ணவில்லை.

அதில் எழுந்தவர்கள் உண்டு.
ட்சோகோலோவை, வீட்டுக் கதவைக் கழற்றி
அதில் கிடத்தித் தூக்கிவந்தாள் மாரெதாபிலே
தன் தம்பிமார் மூவரோடு.
ஐந்தாம் மாதம் அவன் ஆடு மேய்க்கப் போனான்.
கதவு திரும்ப நிலையில் ஏறியது.

இரண்டாம் வருஷம், ஜூலை.
பனி கணுக்கால் வரை.
ரப்பர் பூட்ஸைக் கழுத்தில் தொங்கவிட்டு
வெறுங்காலோடு வந்து நின்றான்.

"எரியுது, ம்மே.
பனியில வச்சாத்தான் கொஞ்சம் அடங்குது."

செத்திருந்தால் எரிய
கால் ஏது என்று
என் வாயில் வந்தது, விழுங்கினேன்.
நானும் அதைத்தான் தின்கிறேன்,
காலை ஏழு, இரவு ஏழு.
கன்னம் இரண்டும் உள்ளே போயிற்று.
சந்தையில் கன்னம் ஒட்டிய பெண்கள்
ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டு
தக்காளி விலை பேசுகிறோம்.

கொள்முதல் படிவத்தைத் தரையில் போட்டு
அவன் பாதத்தை அதன்மேல் வைக்கச் சொல்லி
சுற்றிலும் கோடு இழுத்தேன்.
ஈரத்தில் மை கொஞ்சம் பரவியது.
குதிரைக்காரனிடம் கொடுத்தனுப்பினேன்.

மசேருவில் கூட்டத்தில் ஒருவர் கேட்டாராம்,
"இந்த அம்மா செருப்புக்கா ஆர்டர் போடுறாங்க?"
சிரித்துவிட்டு,
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லையாம்.

செப்டம்பரில் வந்தது, நல்ல மருந்து.
நாற்பது பேருக்கு.

கால் எரிகிறவர்கள் எழுபத்தொரு பேர்.
பதிவேட்டில் என் பெயர்
முதல் பக்கம், மூன்றாம் வரி.

விளக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டு
பதிவேட்டைக் கவிழ்த்துவைத்து
கடைசிப் பக்கத்தைத் திறந்தேன்.